இரவல் வாங்கிய கோபம்: பாலக்காட்டு இராவணனும் வீடியோ கேம் வில்லனும்

ஒரு வில்லன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்விக்குப் பாலக்காடு மாவட்டம் ஒன்றே மூன்று விடைகளை வைத்திருக்கிறது. வில்லன் இராவணன். பாரதப்புழைக் கரையோரத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து ஒரு விடை சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கல்லேக்குளங்கரை ராகவப் பிஷாரடி எழுதிய ‘ராவணோத்பவம்’ என்ற கதகளி நூல் இன்னொன்றைச் சொல்கிறது. சிற்றூர் என்னும் ஊரில் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் மூன்றாவதைச் சொல்கிறது. இன்று வீடியோ கேம் ஆடும் இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த மர்ம வில்லனின் உள்நோக்கம் என்ன என்று இரவெல்லாம் வாதிடுகிறார்கள். அந்த வாதம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அதை நடத்தும் முறையையும் இங்குள்ள கலைகளிலிருந்து கற்றுக்கொள்ள முடியும் என்பது என் கருத்து.

தோல்பாவைக்கூத்தில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது நிறைய உண்டு. கோயிலுக்கு எதிரே இதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை ஆட்டுவிக்கிறார்கள். பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள மண்ணில் பிறந்த புலவர்கள் கம்பனின் செய்யுளைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்த உரையில் அதை மணிக்கணக்காக விரிக்கிறார்கள். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவரும், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் மகன் ராமச்சந்திர புலவரும் இந்த மரபை வெளியுலகுக்குக் கொண்டு சென்றவர்கள். பல இடங்களில் மாடத்தின் முன் ஆளே இருப்பதில்லை. தாரிகன் என்னும் அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராவணவதத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே கூத்து நடக்கிறது என்பது நம்பிக்கை. இந்தக் கூத்தை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், மக்கள் கூட்டம் இல்லாத அந்த இடத்தில் புலவர்கள் தங்களுக்குள் உரையாடலை வளர்த்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். கைதட்டலுக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்பதால், ஒரு பாத்திரம் ஏன் இப்படிப் பேசியது என்ற கேள்வியில் அவர்களால் நெடுநேரம் தங்க முடிகிறது.

அப்படித் தங்கியதன் பயன் ஒன்று சம்புகுமாரன் கதை. இவன் சூர்ப்பணகையின் மகன். காட்டில் தவமிருக்கையில் இலக்குவன் கையால் இறக்கிறான். கம்பனில் இந்தக் கதை இல்லை. கம்பனைப் பாடும் கூத்தில் இருக்கிறது. இதன் பழைய வடிவம் சமண மரபில், விமலசூரியின் பிராகிருதக் காவியமான ‘பௌமசரிய’த்தில் கிடைக்கிறது. அங்கே இலக்குவன் மூங்கில் புதரை வெட்டும்போது அதனுள் இருந்தவன் அறியாமல் வெட்டுப்படுகிறான். இந்த ஒரு நிகழ்ச்சியால் கதையின் தொடக்கமே மாறிவிடுகிறது. பஞ்சவடிக்கு வரும் சூர்ப்பணகையைக் காமம் மட்டுமே பிடித்தவளாக இனி பார்க்க முடியாது. அவள் பிள்ளையை இழந்த தாய். அவள் அண்ணனிடம் போய் அழும்போது அந்த அழுகைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. இராவணனின் மறைந்த நோக்கம் மருமகனுக்காகப் பழிவாங்குவதே என்று இங்கே முடிவு கட்டிவிடத் தோன்றும்.

ஆனால் அந்த அழுகைக்கு இலங்கையில் என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கம்பனின் ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை சீதையின் அழகை வருணித்ததும் இராவணன், தங்கைக்காகப் போரிட்ட கரன் இறந்ததை மறக்கிறான். தங்கைக்கு நேர்ந்ததையும், தனக்கு வந்த பழியையும், தான் பெற்ற வரத்தையும்கூட மறக்கிறான். கேள்விப்பட்ட பெண்ணை மட்டும் மறக்கவில்லை. பழிவாங்க வேண்டிய காரணம் அனைத்தும் அந்த இடத்தில் அவன் மனத்திலிருந்து உதிர்ந்துவிட்டது. யுத்த காண்டத்து மந்திராலோசனையில், வாயில் மானமும் நெஞ்சில் காமமுமாக இருப்பதைக் கும்பகருணன் நேருக்கு நேர் இடித்துக் காட்டுகிறான். சீதை மேல் வைத்த ஆசையை விடும்படி இந்திரசித்து கடைசியில் வேண்டும்போது, மாண்டவர்களையோ மிஞ்சியவர்களையோ நம்பி இந்தப் பகையைத் தேடவில்லை, தன்னை நம்பியே தேடினேன் என்று இராவணனே சொல்லிவிடுகிறான். தங்கையின் பெயரால் மூண்ட போரில் அதற்குப் பிறகு தங்கைக்கு இடமில்லை.

என் வாதம் இதுதான். இராவணனிடம் நாம் தேடும் மறைந்த காரணம் பொய்யல்ல. ஆனால் அது அவனுடையதல்ல. இன்னொருவருடைய நியாயமான துக்கத்தை இரவல் வாங்கித் தன் ஆசைக்கு உடையாக அணிவதே அவனுடைய குற்றம். ராவணோத்பவத்தில் இதன் விதை தெரிகிறது. தாய் கைகசியின் மடியில் பாலன் இராவணன் உறங்குகிறான். மேலே குபேரன் புஷ்பக விமானத்தில் செல்கிறான். ஒரே தந்தைக்குப் பிறந்தும் தன் மகனுக்கு அந்தச் சிறப்பு இல்லையே என்று தாய் விட்ட கண்ணீர் அவன் மேல் விழுகிறது. விழித்தவன் காரணம் கேட்டுத் தவத்துக்குப் புறப்படுகிறான். கதகளி மேடையில் புகழ்பெற்ற தபசாட்டம் இதைத்தான் விரிக்கிறது. தாய் கேட்டது மகனுக்கு ஒரு நல்ல நிலை. மகனோ வரங்களைப் பெற்று, அண்ணனின் ஊரையும் விமானத்தையும் பறித்து, உலகையே அடக்கக் கிளம்பினான். உத்தரகாண்டம் இன்னும் கடுமையான செய்தி ஒன்றைத் தருகிறது. சூர்ப்பணகையின் கணவன் வித்யுஜ்ஜிஹ்வனைப் போரில் கொன்றவன் இராவணனே. அவள் தண்டகாரணியத்தில் வாழ நேர்ந்ததும் அதனால்தான். தங்கையின் துயரத்துக்குப் பழிவாங்குவதாகச் சொல்பவன் அந்தத் துயரத்தின் முதல் காரணம்.

இந்த அமைப்பு இராமகதைக்கு மட்டும் உரியதல்ல. 1997இல் ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமின் வில்லன் செபிராத் இதே வழியில் நடக்கிறான். நிபல்ஹைம் ஊரில் பழைய ஆய்வுக் குறிப்புகளைப் படித்து, ஜெனோவா என்பவளே தன் தாய் என்றும், அழிந்துபோன செட்ரா என்னும் தொல்குடியின் வாரிசு தான் என்றும் நம்புகிறான். அந்தக் குடிக்கு மனிதர் இழைத்த துரோகத்தைச் சொல்லி ஊரையே எரிக்கிறான். பின்னர் விளையாடுபவர் அறிவது வேறு: செட்ராவை அழித்ததே ஜெனோவாதான். யாருடைய துயரத்தைத் தன் கொடியாக ஏந்தினானோ, அவர்களைக் கொன்ற தரப்பில் அவன் நிற்கிறான். 2020இல் புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட ‘ராஜி’யில் கதை சொல்லும் இடைக்காட்சிகள் நிழற்பாவை வடிவில் அமைந்தன. வடிவத்தை எடுத்துக்கொண்ட நம் கேம் கலைஞர்கள், கூத்துமாடத்தில் நடக்கும் இந்த விசாரணையையும் எடுத்துக்கொண்டால் இன்னும் ஆழமான வில்லன்கள் பிறப்பார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது பக்தி மரபின் மறுப்பு. அத்யாத்ம ராமாயணத்தின்படி இராமன் திருமால் என்பதை இராவணன் உணர்ந்தே பகை கொண்டான். பகையும் வீடுபேற்றுக்கு ஒரு வழி. வைகுண்டத்து வாயிற்காவலர் சாபத்தால் அரக்கராகப் பிறந்த கதையும் இதற்குத் துணை. இறைவன் கருணைக்கு எல்லையில்லை என்பதை இது அழகாகச் சொல்கிறது. ஆனால் அது அவன் முடிவில் என்ன பெற்றான் என்பதற்கான விளக்கம்; அவன் செய்ததற்கான காரணமாக அதை ஏற்றால் வீடணன், கும்பகருணன், இந்திரசித்து மூவரும் சொன்ன அறிவுரை வெறும் சடங்காகிவிடும். அசோகவனத்துச் சீதையின் துயரமும் ஒருவன் வீடுபேற்றுக்கான கருவியாகச் சுருங்கிவிடும். அந்த அறிவுரைகளுக்குக் கம்பன் தந்த கனம் அப்படிச் சுருக்க இடம் கொடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இராவணனை வில்லன் என்பதே வென்றவர் எழுதிய கதை என்றது திராவிட இயக்கம். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளியாகி, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கப் பெற்றது. மலையாளத்தில் வயலாரின் ‘ராவணபுத்ரி’ அவனைச் சீதையின் தந்தையாக்கியது, சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் ‘லங்காலட்சுமி’ அவனை நாடகத்தின் நடுவில் நிறுத்தியது. தோற்றவனுக்கும் ஒரு நெஞ்சம் உண்டு என்று நிலைநாட்டிய இந்த முயற்சிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு காவியத்தைத் தடை செய்து அந்தக் கேள்வியை அடக்க நினைத்தது பெரும் பிழை. ஆயினும் இராவணனை மாசற்றவனாக ஆக்கும்போது சூர்ப்பணகையின் துயரம் மறுபடியும் அவன் புகழுக்குள் கரைந்துவிடுகிறது. சம்புகுமாரன் கதையோ அந்தத் துயரத்தை அவளுடையதாகவே வைத்திருக்கிறது.

சம்புகுமாரன் கதை கம்பனில் இல்லாத ஒட்டுத்தானே, அதை வைத்து எப்படி வாதிடலாம் என்று கேட்பது மூன்றாவது மறுப்பு. ஒட்டு என்பது உண்மை. அதைக் கம்பன் கருத்தென்று நான் சொல்லவில்லை. கம்பனைத் தலைமேல் வைத்துப் போற்றும் புலவர்களே அவனிடம் இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பாடுகிறார்கள் என்பதே இங்குச் சான்று. எந்த இடத்தில் காரணம் போதவில்லை என்று ஒரு மரபு உணர்ந்ததோ அங்கேதான் அது புதுக் கதையைப் பொருத்தும். சூர்ப்பணகையின் வருகைக்குக் காரணம் தேடியவர்கள் இராவணனுக்கு மன்னிப்புத் தேடவில்லை. கதை கடைசியில் அவன் வதத்தைக் கடந்தே பட்டாபிஷேகத்துக்குப் போகிறது.

ஆகவே மர்ம வில்லனைப் பற்றிய விவாதத்தில் ‘அவனுக்கு என்ன காரணம் இருந்தது’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்தக் காரணம் முதலில் யாருடைய வலி, அது அவன் கைக்கு வந்தபின் வலியடைந்தவருக்கு அதில் ஏதாவது மிஞ்சியதா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேடையிலும் திரையிலும் மட்டுமல்ல, தன் குடியின் அவமானத்தைச் சொல்லி அதிகாரம் கேட்கும் எந்தத் தலைவனிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. காயம் உண்மையானது என்பதாலேயே அதைச் சுமப்பதாகச் சொல்பவர் பேச்சும் உண்மை என்று நம்பிவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியை இராவணன் கதை பல நூற்றாண்டுகளாக நமக்குத் தந்து வருகிறது.