நாமா, நாங்களா? தூர்தர்ஷன் வளர்ச்சியில் கேட்போர் நிலை

தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புகளுள் கூற்று என்பதும் கேட்போர் என்பதும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. கூறுவோன் ஒருவன் உளனாயின் கேட்போன் தானே அமைந்துவிடுவான் என்று அவர் கருதவில்லை என்பது இதனாற் பெறப்படும். இந்திய நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமாகிய தூர்தர்ஷனின் வளர்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் நிலையங்களின் எண்ணிக்கையையும் ஒளிபரப்பின் பரப்பையுமே அளந்து அமைவர். கேட்போர் என்னும் உறுப்பைக் கொண்டு அதனை அளந்தால் யாது புலனாகும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுவது. தொலைக்காட்சிக்குக் காண்போர் என்றன்றோ கூறல் வேண்டும் எனின், படம் யாவர்க்கும் ஒன்றே; மொழியறியாதார்க்கு மறைவது சொல்லின் பொருள். ஆதலின் கேட்போர் என்றே கொண்டோம்.

1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் சோதனை முறையில் தோன்றிய ஒளிபரப்பு, 1965-இல் நாள்தோறும் நிகழ்வதாயிற்று. பம்பாய்க்கு 1972-இலும் சென்னைக்கு 1975-இலும் நிலையங்கள் வந்தன. 1976 ஏப்ரல் 1 வரை இஃது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. இவை யாவரும் அறிந்த செய்திகள், விரித்தல் வேண்டா.

விரித்துரைக்கத் தக்கது 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய ஓராண்டு நிகழ்ந்த செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையாகும். அமெரிக்க நாட்டினர் இரவல் தந்த செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. தமிழ்நாடு அவ்வாறனுள் ஒன்றன்று. ஆயினும் அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு படத்தோடு இரண்டு ஒலிவழிகளை அனுப்பும் ஏற்பாடு அதில் இருந்தது. ஒரே காட்சியை இரு மொழியார் தத்தம் மொழியிற் கேட்டல் கூடும். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் அமைந்தன. பயிரும் உடல்நலமும் கல்வியும் உழவர்க்குரிய மொழியிற் பேசப்பட்டன. கருவி குறைந்திருந்த அக்காலத்தே, கேட்போர் இன்னார் என முன்னரே வகுத்துக்கொண்டு கூற்று அமைக்கப்பட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

கருவி பெருகியபின் நிகழ்ந்தது வேறு. 1982 ஆகஸ்டு 15-இல் தில்லியிலிருந்து நாடு முழுமைக்குமான நிகழ்ச்சி தொடங்கியது. அவ்வாண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணமும் வந்தது. 1984-இல் சிற்றாற்றல் ஒளிபரப்பிகள் ஏறத்தாழ நாளுக்கொன்றாக நாட்டப்பெற்றன. இவை தாமாக ஒன்றும் உரைக்கமாட்டா. வானிலிருந்து வருவதைப் பெற்று அவ்வாறே எறிவன. செலவு சுருங்கவும் விரைவு பெருகவும் வேறு வழி அரிது என்பதை மறுக்கவில்லை. எனினும், ஓர் ஊர்க்கு ஒளிபரப்பு வருவதும் அவ்வூரார்க்கு ஒரு குரல் வருவதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டுத் தென்கரையோர ஊரினர் 1980-களில் உயர்ந்த கம்பங்களை நட்டு இலங்கையின் ரூபவாகினியைக் கண்டனர் என்பது இவ்விடத்து நினைக்கத்தகும்.

இக்காலப் படைப்புகளுள் முதன்மையானது 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' என்னும் தொடர். இந்திப் புதின ஆசிரியர் மனோகர் சியாம் ஜோஷி எழுதியது. நடுத்தரக் குடும்பம் ஒன்றன் அன்றாட வாழ்வே அதன் பொருள். பாத்திரங்களின் பேச்சு வீட்டுப் பேச்சாகவே ஒலித்தது. மேடைப் பேச்சாக ஒலிக்கவில்லை. அதன் வெற்றிக்கு யாம் காணும் தலையாய காரணம் இதுவே. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிக் கேட்போரை நோக்கியே உரையாடுவார். கேட்போர் இலட்சக்கணக்கில் மடல் எழுதினர். தென்னகத்தே அத்துணை வரவேற்பு இல்லை.

பிற்பகுதிகளில் அவர் தம் உரையை முடிக்குங்கால், தொடரின் பெயரையே இந்திய மொழிகள் பிறவற்றில் கூறி விடைபெறுவார். நல்லெண்ணத்தின் வெளிப்பாடே அது; ஐயமில்லை. ஆனால் தமிழிற் பெயர்க்குங்கால் ஓர் இடர் எழுகின்றது. இந்தியின் தன்மைப் பன்மை, முன்னிலையாரை உளப்படுத்தலையும் உளப்படுத்தாமையையும் வேறுபடுத்துவதில்லை. தமிழ் வேறுபடுத்தும். 'ஹம் லோக்' என்பது நாமா, நாங்களா? தில்லி நிலையத்தார் 'நாம்' என்றே கருதிப் பேசினர். மொழி அறியாது திரைமுன் அமர்ந்த தமிழர்க்கு அது 'நாங்கள்' என்றே சென்று சேர்ந்தது. தேசிய நிகழ்ச்சி என்பதன் குறை முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கும் என்பது எம் துணிபு.

1987-இல் வந்த இராமாயணத் தொடரும் இந்தியிலேதான் இருந்தது. தமிழரும் விரும்பிக் கண்டனரே எனின், அஃது எம் கருத்துக்கு முரணன்று. கதையை முன்னரே நெஞ்சில் கேட்டிருந்தவர்கள் அவர்கள். திரை காட்சியை மட்டுமே தந்தது. சொல்லை அவர்கள் தம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டனர்.

சென்னை நிலையம் கேட்போரை அறிந்து பேசிய இடங்களும் உள. 'வயலும் வாழ்வும்' உழவரை முன்னிலைப்படுத்திற்று. வெள்ளிக்கிழமைதோறும் திரைப்பாடல் வழங்கிய 'ஒளியும் ஒலியும்' எளிய பொழுதுபோக்கே ஆயினும், தெருவாரை ஒரு பெட்டியின்முன் திரட்டிற்று. புலவருலகம் இதனை இகழ்ந்து ஒதுக்கியது, ஆராய்ந்திருத்தல் வேண்டும். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றியபோது தமிழ்க் கேட்போர் விரைந்து அதன்பால் சென்றமைக்கு, வணிகத் திறனொன்றையே காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. நாள் முழுதும் 'நாம்' என்று விளிக்கும் குரலுக்கு அவர்கள் பல்லாண்டு காத்திருந்தனர். 1990-இல் இயற்றப்பெற்ற பிரசார் பாரதிச் சட்டம் 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் கேட்போர் பலர் பிரிந்துவிட்டனர்.

சென்னை நிலையத்தின் தமிழ் அலைவரிசை பொதிகை என்னும் பெயரால் நெடுங்காலம் வழங்கிற்று. 2024 ஜனவரி 19 முதல் அது டிடி தமிழ் எனப்படுகிறது. முன்னையது ஒரு மலையின் பெயர். தமிழர் நினைவில் அகத்தியரோடு இயைந்தது. பின்னையதில் முற்பட நிற்பது நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம், பிற்பட நிற்பது மொழி. இம்மாற்றம் கூறுவோரை நோக்கியதா, கேட்போரை நோக்கியதா என்பதனை அதன் நிகழ்ச்சிகளின் மொழிநடை கொண்டே துணிதல் கூடும்.