இருட்டிய பிறகு வாருங்கள்

ஆங்ரேக்கத்தைப் பகலில் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மலர்க் கண்காட்சியில் ஊதா டென்ட்ரோபியத்துக்கும் மஞ்சள் ஆன்சிடியத்துக்கும் நடுவே வைத்தால் அது வெறும் வெள்ளை நட்சத்திரம். புள்ளி இல்லை, கோடு இல்லை, கண்ணைப் பறிக்கும் நிறம் எதுவும் இல்லை. வருகிறவர்கள் பூவின் பின்னால் தொங்கும் நீள வாலைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வாசனை எப்படி என்று கேட்டால், "அப்படி ஒன்றும் தெரியலையே" என்பார்கள். மாலையில் அரங்கைப் பூட்டிவிடுகிறோம். அந்தப் பூவின் நாள் அப்போதுதான் தொடங்குகிறது.

ஆங்ரேக்கம் ஓர் ஆர்க்கிட் பேரினம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் போரி த சேன்-வின்சென்ட் 1804இல் இதற்குப் பெயர் சூட்டினார். 200க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மடகாஸ்கர்தான் இவற்றின் தாய்வீடு. ஆப்பிரிக்கக் கண்டத்திலும், கொமொரோஸ், மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளிலும் பரவியிருக்கின்றன. பெரும்பாலானவை வெள்ளை, இல்லையென்றால் பச்சை, இல்லையென்றால் இரண்டும் கலந்தது. இவ்வளவு சிக்கனமான நிறத்தைப் பார்த்து நாம் ஏமாற வேண்டியதில்லை. முல்லை, மல்லிகை, பவளமல்லி, மரமல்லி என்று பொழுது சாய்ந்தபின் மணக்கும் வெள்ளைப் பூக்களோடு வளர்ந்தவர்கள் நாம். இருட்டில் நிறத்துக்கு வேலை இல்லை. வெளுப்பும் வாசமும் போதும். அந்த வெளுப்பும் வாசமும் யாரைக் கூப்பிடுகின்றன என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால், ஆங்ரேக்கத்தை ரசிக்கும் வழி பிடிபட்டுவிடும். பூ எந்த விருந்தாளிக்காகக் காத்திருக்கிறதோ, அந்த விருந்தாளி வரும் நேரத்தில், வரும் வழியில் நாமும் போக வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்றது செஸ்குவிபெடாலி என்ற இனம். மடகாஸ்கரின் கிழக்குக் கரையோரத் தாழ்நிலக் காடுகளில், வெளிச்சமும் காற்றும் படும் மரங்களின்மேல் வளர்வது. பூ உள்ளங்கையைவிடப் பெரியது. மொட்டு விரிந்த முதல் சில நாள் பச்சை படிந்திருக்கும். பிறகு பச்சை வடிந்து, மெழுகு பூசியது போன்ற வெள்ளைக்கு வரும். அந்த நிறமாற்றத்தையே ஒரு வாரம் நின்று பார்க்கலாம். அவசரம் இல்லை, பூ வாரக்கணக்கில் நிற்கும்.

முதலில் மூக்கு. மின்விசிறியை நிறுத்துங்கள். அன்று மாலை ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். உடம்பில் சென்ட்டும் வேண்டாம். எட்டு, ஒன்பது மணிக்கு அறைக்குள் நுழையுங்கள். நேரே போய்ப் பூவில் மூக்கை வைக்கக் கூடாது. கதவருகிலேயே நில்லுங்கள். இந்தப் பூவின் வாசம் தூரத்திலிருந்து ஒரு பூச்சியை இழுப்பதற்காக விடப்படுவது, அதனால் நாலு அடி தள்ளி நிற்கும்போதுதான் அது முழுசாகக் கிடைக்கிறது. முதலில் வருவது இனிப்பு, லில்லிப் பூவின் பக்கம் சாய்ந்த இனிப்பு. அதற்கு அடியில் ஏதோ வாசனைப் பட்டை போல ஒரு லேசான உறைப்பு. இரண்டையும் பிரித்து உணர்ந்தபின் கிட்டே போங்கள். ஐந்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும், பூ வாசத்தை நிறுத்திவிட்டதாகத் தோன்றும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்புங்கள். வாசல் தாண்டும்போதே மறுபடி அடிக்கும். நடு இரவில் ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை எழுந்து வந்து பார்த்தவர்களுக்கு ஒரே பூவின் வாசம் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது தெரியும். மறுநாள் மதியம் அதே இடத்தில் நின்று மோந்து பார்த்தால் பூ கிட்டத்தட்ட ஊமையாகியிருக்கும்.

இனி கண். பூவில் ஆறு வெள்ளை இதழ்கள் இருப்பதாகத் தோன்றும். அவற்றில் ஐந்து குறுகலாக, நுனி கூர்ந்து, நட்சத்திரமாக விரிந்தவை. ஆறாவது மட்டும் அகன்று, படகுபோல் குழிந்திருக்கும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் அதை 'லிப்' என்பார்கள். அது வந்திறங்கும் பூச்சிக்கான மேடை. லிப்பின் உள்கோடியில் ஒரு துளை. அந்தத் துளைதான் பூவின் பின்புறமாக இறங்கி, பச்சை வாலாக ஓர் அடி நீளம் தொங்குகிறது. அந்த வாலுக்கு 'ஸ்பர்' என்று பெயர்.

கைப்பேசி விளக்கை ஸ்பரின் பின்னால், அதன் நுனிக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். குழாயின் சுவர் மெல்லியது, ஒளி ஊடுருவும். மேலே முழுக்க வெறுங்குழாய். அடியில், கடைசி மூன்று நான்கு சென்டிமீட்டரில் மட்டும் ஒளி வேறு மாதிரி படும். அங்கே திரவம் நிற்கிறது. அதுதான் தேன். இவ்வளவு நீளக் குழாய் செய்து, அதன் அடிமட்டத்தில் மட்டும் தேனை வைத்திருக்கிறது பூ. இந்தக் காட்சியைப் பார்க்காமல் ஆங்ரேக்கத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

1862 ஜனவரியில் சார்லஸ் டார்வினை உறையவைத்த காட்சியும் இதுதான். இங்கிலாந்தின் ஆர்க்கிட் வளர்ப்பாளர் ஜேம்ஸ் பேட்மன் அனுப்பிய பெட்டியில் இந்தப் பூ இருந்தது. டார்வின் அளந்த ஸ்பரின் நீளம் பதினொன்றரை அங்குலம், அதில் தேன் இருந்தது அடியிலுள்ள ஒன்றரை அங்குலத்தில் மட்டும். இவ்வளவு ஆழத்தில் இருக்கும் தேனைக் குடிக்கப் பத்து, பதினொரு அங்குலம் நீளும் உறிஞ்சுகுழலோடு ஓர் அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தாக வேண்டும் என்று அதே ஆண்டு வெளிவந்த தன் ஆர்க்கிட் நூலில் எழுதினார். அப்படி ஒரு பூச்சியை அன்று எவரும் கண்டதில்லை.

இந்தக் கதையை எல்லோரும் நீளத்தோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது டார்வின் கேட்ட அடுத்த கேள்வி. குழாய் எதற்கு இவ்வளவு நீளம்? தேன் கொடுக்க வேண்டுமென்றால் மேலேயே கொடுத்துவிடலாமே? விடையைப் பூவுக்குள்ளேயே தேடினார். ஸ்பரின் வாய்க்கு மேலே, பூவின் நடுத்தண்டில் ஒரு பிளவு இருக்கிறது. சாய்வாக வெளிச்சம் அடித்தால் நமக்கும் தெரியும். அதன் அடியில் பசைத் தகடுகள், அவற்றோடு ஒட்டிய மகரந்தத் திரள்கள். டார்வின் விறைத்த மயிர், ஊசி போன்ற மெல்லிய பொருள்களை விட்டுப் பார்த்தார், எதிலும் மகரந்தம் ஒட்டவில்லை. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள உருளை ஒன்றை அந்தப் பிளவு வழியே நெருக்கி இறக்கி வெளியே எடுத்தபோதுதான் மகரந்தம் கூடவே வந்தது. கடைசிச் சொட்டுத் தேனுக்காகப் பூச்சி தன் தலையைப் பூவுக்குள் அழுத்த வேண்டும்; அப்போது உறிஞ்சுகுழலின் பருத்த அடிப்பகுதி பிளவில் சிக்கும்; தலையை எடுக்கும்போது பசை ஒட்டிக்கொள்ளும். குழாய் குட்டையாக இருந்தால் பூச்சி எட்ட நின்றே குடித்துவிட்டுப் போய்விடும், பூவுக்கு ஒரு பலனும் இல்லை. பூச்சியின் குழல் நீண்டால் பூவும் நீள வேண்டும், பூ நீண்டால் பூச்சியும் நீள வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தப் போட்டியின் இன்றைய நிலைதான் உங்கள் கண்முன் ஓர் அடியாகத் தொங்குகிறது.

இதை ஏற்காதவர்களும் உண்டு. இப்படி ஒரு பூ படைத்தவனின் கைத்திறனுக்கே சாட்சி என்று ஆர்கைல் கோமகன் எழுதினார். அதற்கு 1867இல் பதில் சொன்ன ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பூச்சி ஹாக்மாத் என்ற அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்ததாக இருக்கும் என்று ஒரு படி மேலே போனார். நெப்டியூன் கோளைக் கணக்குப் போட்டுத் தேடிய வானியலாளர்களின் நம்பிக்கையோடு மடகாஸ்கரில் இதைத் தேடலாம் என்பது அவர் வாதம். 1903இல் வால்டர் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டனும் அந்த ஹாக்மாத்தை விவரித்து, முன்கூட்டியே சொல்லப்பட்டது என்னும் பொருளில் 'பிரெடிக்டா' என்று பெயரிட்டார்கள். டார்வின் அப்போது உயிரோடு இல்லை. அந்தப் பூச்சி இந்தப் பூவுக்கு வருவதை லுட்ஸ் வாசர்தால் பதிவுசெய்ய 1992 ஆகிவிட்டது. நெடுங்காலம் ஆப்பிரிக்க இனம் ஒன்றின் துணையினமாக வைக்கப்பட்டிருந்த அதை 2021இல்தான் தனி இனமாக உயர்த்தினார்கள். வாசர்தாலுக்கு வேறொரு கருத்தும் இருந்தது: பூக்களில் பதுங்கியிருக்கும் சிலந்திகளிடமிருந்து எட்ட நின்று குடிக்க வசதியாகத்தான் பூச்சியின் குழல் முதலில் நீண்டிருக்கும், பூ பிறகு அதற்கேற்ப நீண்டது என்றார். டார்வினின் போட்டி விளக்கத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் வாசர்தாலைப் படித்தபின், பூவின் முன் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் பூச்சியை நினைக்கும்போது, லிப்பின் அடியில் ஒரு சிலந்தி இருக்கிறதா என்றும் பார்க்கத் தோன்றுகிறது.

ஓர் இனத்தோடு பழகியபின் மற்றவற்றிடம் இதே கேள்வியோடு போகலாம். ஸ்பரின் நீளத்தைப் பார்த்தாலே வருகிறவர் யாரென்று பாதி ஊகித்துவிடலாம். எபர்னியம் என்ற இனத்தில் லிப் மேலே இருக்கும், மற்ற இதழ்கள் பச்சையாகக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் வளைந்திருக்கும். பூ தலைகீழாக மாட்டப்பட்டதோ என்று முதலில் தோன்றும். சங்குபோல் வெண்மையான அந்த மேல் இதழை அந்தியில் பார்க்க வேண்டும். பச்சை முழுதும் இருட்டில் கரைந்து, வெள்ளை மட்டும் வரிசையாக மிதக்கும். இதையும் செஸ்குவிபெடாலியையும் கலந்து இங்கிலாந்தின் வீட்ச் நர்சரி உருவாக்கிய கலப்பினம் 1899 முதல் 'வீட்சியை' என்ற பெயரில் இருக்கிறது. ஒரு பெற்றோருக்கு லிப் மேலே, இன்னொன்றுக்குக் கீழே. பிள்ளையின் பூக்கள் பல நேரம் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்வைச் சிலர் குறையென்பார்கள். எனக்கு அது இரண்டு பெற்றோரின் முகமும் ஒரே பூவில் தெரிவதாகப்படுகிறது.

ரீயூனியன் தீவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வாரிசுகள் இன்றும் காவடியும் தீமிதியும் நடத்தும் அதே தீவு. அங்குள்ள ஆங்ரேக்கங்களில் சிலவற்றுக்கு ஸ்பர் குட்டை. ஸ்ட்ரியாட்டம் என்ற இனத்துக்கு வாசமும் இல்லை. வாசம் தேடிப் போனவருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு வருவது வெள்ளைக்கண்ணி என்ற சின்னப் பறவை, வருவது பகலில். மோப்பத்தை நம்பாத விருந்தாளிக்கு மணம் எதற்கு? காடெட்டியை என்ற இன்னொரு இனத்தின்முன் ஆய்வாளர்கள் இரவில் கேமரா வைத்தபோது பூவுக்கு வந்தது சிறகில்லாத ஒரு வெட்டுக்கிளிக் கூட்டத்து உறவு, கிரிக்கெட் வகைப் பூச்சி. செடிகளைக் கடித்துத் தின்பதற்குப் பேர்போன கூட்டம் அது. இலைகளின்மேல் ஏறி நடந்து வந்து, பூவைச் சேதப்படுத்தாமல் தலையை நுழைத்துத் தேன் குடித்து, மகரந்தத்தைச் சுமந்து போனது. அதன் தலையின் அளவும் பூவின் வாயும் பொருந்தியிருந்தன. 2010இல் இது வெளியானபோது தாவரவியலாளர்களே வியந்தார்கள். அதே தீவில் ஃபாஹம் என்ற ஆர்க்கிட்டின் இலையை உலர்த்தித் தேநீர் போடுவார்கள், ரம்மிலும் ஊறவைப்பார்கள். முன்பு ஆங்ரேக்கத்தில் சேர்க்கப்பட்டு இப்போது ஜுமெல்லியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது அது. அந்தக் குடும்பத்தில் மணம் பூவோடு நிற்பதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

பூ இல்லாத மாதங்களில் வேரைப் பாருங்கள். பென்சில் பருமனில், சாம்பல் வெள்ளையாக, தொட்டியைவிட்டு வெளியே நீண்டு காற்றில் தொங்கும். தண்ணீர் தெளித்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகும். வெளியுறை நீரை உறிஞ்சியதும் உள்ளிருக்கும் பச்சையம் தெரிகிறது. ஆங்ரேக்கம் புல்லுருவி இல்லை. மரத்தைப் பற்றிக்கொள்ளும், அதன் சாற்றைத் தொடாது. அந்த வேர்களைக் கிளறினால் செடி வருடக்கணக்கில் கோபித்துக்கொள்ளும், அடி இலைகளை உதிர்க்கும். தொட்டி மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் செஸ்குவிபெடாலியில் தொடங்க வேண்டாம், அதற்கு இடமும் பொறுமையும் நிறைய வேண்டும். லியோனிஸ் அல்லது டிடியேரி போதும். செடி ஒரு கைக்குள் அடங்கும், பூ செடிக்குப் பெரிதாக இருக்கும், இரவு வாசத்தில் குறை வைக்காது. கரையோர ஊர்களின் வெக்கை இந்தப் பேரினத்தின் தாழ்நில இனங்களை அவ்வளவாகப் பயமுறுத்தாது; வறண்ட காற்றுதான் எதிரி. வாங்கும்போது விதையிலிருந்து நர்சரியில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மடகாஸ்கரின் கரையோரக் காடுகள் வேகமாக அழிந்துவருகின்றன. காட்டு மரத்திலிருந்து பெயர்க்கப்பட்ட செடி நம் பால்கனியில் பூத்தாலும் அதன் பூச்சி இங்கே இல்லை, அங்கே பூச்சிக்குப் பூ இல்லை. ஆர்க்கிட்கள் அனைத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருபவை, ஆகவே வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் உரிய தாள்களைக் காட்ட முடிய வேண்டும். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். நாற்று என்றால் முதல் பூவுக்குச் சில ஆண்டுகள் ஆகும். மொட்டு விட்ட செடியாகவே வாங்க முடிந்தால், அந்த வாரம் இரவில் விழித்திருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.