புக் கிரிக்கெட்டில் சச்சின்

சேப்பாக்கம், 1999 ஜனவரி 31. ஜெயிக்க 271. சச்சின் 136-ல் அவுட்டானபோது ஸ்கோர் 254. கையில் மூன்று விக்கெட், வேண்டியது பதினேழே ரன். 258-ல் எல்லாம் முடிந்தது.

அந்த மேட்சைத் திரும்ப ஆடிப் பார்க்க நம்மிடம் இருந்ததெல்லாம் புக் கிரிக்கெட். நீங்களும் ஆடியிருப்பீர்கள். புத்தகத்தைப் பிரி, இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், சைபர் வந்தா அவுட். (எட்டுக்கு மட்டும் தெருவுக்குத் தெரு வேறு சட்டம்!) எட்டையும் ரன்னாக எடுத்தால், ஐந்தில் ஒரு தடவை அவுட், சராசரி 20 ரன். சச்சினுக்கும் 20, அந்த டெஸ்டில் பந்துவீச்சில் 33 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த வெங்கடேஷ் பிரசாத்துக்கும் 20! ஜாலியான ஆட்டம்தான். ஆனா சச்சின் அவுட்டானால் யாரும் டி.வி.யை அணைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஹால் ரிச்மன் 1961-ல் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' பேஸ்பால் ஆட்டத்தில் ஆளுக்கொரு அட்டை, அவரவர் அந்த சீசனில் ஆடிய கணக்குப்படி. பகடை உருட்டினால் பாதி தடவை அடிப்பவர் அட்டை, பாதி தடவை எறிபவர் அட்டை. பழைய சீசனையே திரும்ப ஓட்டலாம். நமக்கும் அப்படி சக்லைன் அட்டை ஒன்று வேணும். சச்சின் அட்டையில் முதுகுவலிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினால்தான் நான் காசு கொடுத்து வாங்குவேன்.