கைமணத்தின் விலை

என் முன்னாள் மாணவி ஒருத்தி உணவுக் காணொளிகள் வெளியிடும் நிறுவனம் ஒன்றில் விளம்பரம் பிடிக்கும் வேலையில் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் அவளுடைய பகுதி. சாலையோரப் பிரியாணிக் கடை, மசாலாப் பொடி வியாபாரி, கேன்டீன் ஒப்பந்தக்காரர் என்று ஏறி இறங்கி மாத இலக்கை எட்ட வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். தொழிற்சாலைப் பெண்களின் விடுதிகளுக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் விளம்பரத்துக்கு ஒரு வரி வேண்டும் என்றாள். “நீங்க கவிஞர், மேடம். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை.” எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் கைமணத்தைச் சொல்லும் வரி. பணமும் வந்தது.

அந்த வரி ஏன் அவ்வளவு எளிதாக வந்தது என்று பிறகுதான் யோசித்தேன்.

அவளுடைய விலைப்பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். முழுக் காணொளிக்கு ஒரு விலை, நடுவில் பெயர் சொன்னால் ஒரு விலை, ரீலுக்கு ஒரு விலை. அடியில் பார்வையாளர் விவரம்: பெண்கள், 18 முதல் 24 வயது. “ஷிஃப்ட் முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்ததும்தான் மேடம் வியூஸ் ஏறும்” என்றாள். ஆக, அவள் விற்பது காணொளியை அல்ல. களைத்துப் படுத்திருக்கும் பெண்கள் பிறர் சாப்பிடுவதைப் பார்க்கும் நேரத்தை. அந்தப் பெண்களின் தட்டில் என்ன இருந்தது என்பதற்குப் பட்டியலில் இடமில்லை.

அந்தத் தட்டை நாடு ஒருமுறை பார்த்தது. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சாகி நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 17 இரவு தொடங்கி, தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் சில தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் மாத இறுதியில் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை திறந்தது. என்ன சாப்பிட்டோம் என்று சொல்வதற்கு அவர்கள் சாலையை மறிக்க வேண்டியிருந்தது.

அதே 2021இல்தான் வில்லேஜ் குக்கிங் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. தாத்தாவும் பேரன்களும் திறந்தவெளியில் சமைப்பதை நானும் ரசித்துப் பார்த்தவள்தான். ஆனால் ஆண் சமைத்தால் அவனுக்கு முகமும் பெயரும் கிடைக்கின்றன. பெண் சமைத்தால் ‘அம்மா’ என்ற பொதுப்பெயரும் ‘கைமணம்’ என்ற புகழும் போதும் என்றாகிவிடுகிறது. என் வரியும் அதைத்தான் செய்தது. விடுதிச் சமையற்கட்டில் கூலிக்கு வேகும் பெண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சம்பளம் கேட்காத ஓர் அம்மாவை நிறுத்தியது.

வகுப்பில் குறுந்தொகை 167ஆம் பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். புதுமணப்பெண் தயிரை விரலால் பிசைகிறாள், கையை உடுத்திய துணியில் துடைக்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் படச் சமைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று உண்ண, அவள் முகம் மலர்கிறது. அவள் சாப்பிட்டாளா என்று பாடல் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் கேட்கவில்லை. ஆனாலும் கூடலூர் கிழார் அந்த விரலையும் புகையையும் கறைபட்ட துணியையும் விடாமல் வைத்திருக்கிறார். இன்றைய உணவு விளம்பரம் அவற்றையெல்லாம் வெட்டிவிட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. விலைபோவது அதுதான்.

பணம் பெற்றுப் பேசினால் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்ற நெறிமுறையை இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் கொண்டுவந்ததும் அந்த 2021இல்தான். தேவையான நெறிமுறை. யார் காசு கொடுத்தார் என்பதை அது சொல்லிவிடும். யார் சமைத்தார், யார் சாப்பிட்டார் என்பதைச் சொல்லாது.

சென்ற வாரம் மாணவியிடம் கேட்டேன்: “விடுதிச் சாப்பாட்டைத்தானே படம் எடுத்தீங்க?”

“இல்ல மேடம். ஸ்டுடியோவுல தனியா சமைச்சோம்.”

அவளும் ஒரகடத்தில் அப்படியொரு விடுதியில்தான் தங்கியிருக்கிறாள். தினமும் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் விற்கப் போகிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இலக்கை எட்டாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை; எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, எழுதாமல் இருந்திருக்கலாம்.

அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். முடியாது, ஒப்பந்தம் போட்டாயிற்று என்றாள். அப்படியானால் ‘இது விடுதியில் சமைத்ததல்ல’ என்று கீழே ஒரு வரி போடச் சொன்னேன். இந்த வரிக்குப் பணம் வேண்டாம் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “கேட்டுப் பாக்கறேன், மேடம்” என்றாள்.