மோடம் சொல்லும் சாட்சி

தொலைபேசிக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைப்பு மந்தமாகி, அடிக்கடி அறுந்தும் போனால் நாலு யோசனைகள் வந்து விழும்: மோடத்தை அணைத்துப் போடு, டிஎன்எஸ்ஸை மாற்று, புது மோடம் வாங்கு, பெரிய திட்டத்துக்கு மாறு. ஆதாரமாக ஸ்பீட் டெஸ்ட் படத்தை நீட்டுவார்கள். அந்தப் படத்தை நம்பிச் செலவு செய்வது தவறு என்பதே என் கட்சி.

ஸ்பீட் டெஸ்ட் வைஃபை, மோடம், செம்புக்கம்பி, எக்ஸ்சேஞ்ச், அதற்கப்பால் உள்ள சர்வர் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. எது கெட்டது என்று அதனால் சொல்ல முடியாது. லேன் கேபிளில் சோதித்தாலும் மோடம் 8 மெகாபிட்டில் இணைந்திருக்கும்போது 7 அளவில்தான் காட்டும். ஏடிஎஸ்எல்லில் தரவு 53 பைட் பொட்டலங்களாகப் போகிறது. அதில் 48 மட்டுமே சரக்கு. இதையே பழுதென்று புகார் செய்பவர்கள் உண்டு.

டிஎன்எஸ் மாற்றினால் இணையதளத்தின் முகவரி கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கலாம். லைன் அறுவது நிற்காது. பெரிய திட்டமும் அப்படித்தான். பணம் கூடினால் கம்பியின் நீளம் குறையப் போவதில்லை.

மோடத்தை அணைத்துப் போடுவது பலன் தருவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்து இரைச்சலை அளந்து, அதற்கேற்ற வேகத்தில் லைன் புதிதாக இணைகிறது. ஆனால் பெரும்பாலான மோடங்களில் அதுவரை சேர்ந்த பிழைக் கணக்கும் அதோடு அழிந்துவிடும். தடயத்தைத் துடைத்துவிட்டுத் துப்புத் துலக்க முடியாது. அணைக்கும் முன் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண்கள் மோடத்தின் உள்பக்கத்திலேயே இருக்கின்றன. பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல மோடங்களில் அந்தப் பக்கம் திறக்கும். முதலில் பார்க்க வேண்டியது அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் இழக்கும் வலு. வழக்கமான கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் போகும். 60-ஐத் தாண்டினால் எக்ஸ்சேஞ்ச் 4 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்தது எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைச் சமாளிக்கத் தேவையானதற்கு மேல் சிக்னலுக்கு மிஞ்சியிருக்கும் வலு. பொதுவாக 6 டெசிபெல்லைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் லைன் இணையும். அது 1, 2 என்று தேய்ந்தால் அறுந்துவிடும். மூன்றாவது, சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் கணக்கு.

இந்தப் பக்கத்தின் அருமை தெரிவது இரவில். இருட்டிய பிறகு வேகம் குறைந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். சில வீடுகளில் அது சரி. ஆனால் ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்தும் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டைக்குள்தான் மத்திய அலை வானொலியும் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் தூரத்து நிலையங்களின் அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, உங்கள் வீட்டுக் கம்பியிலும் ஏறும். மார்ஜின் அப்படியே இருக்க டவுன்லோடு மட்டும் படுத்தால் நெரிசல். பகலில் 7 இருந்த மார்ஜின் இரவில் 2 ஆனால் குறுக்கீடு. ஸ்பீட் டெஸ்ட் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தரும்.

ஆனால் பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை மோடமும் சொல்லாது. அதற்கு ஒயர் வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசெட்டில் மோடத்தை மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே எண்கள் தேறினால் குற்றவாளி, பேச்சையும் தரவையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இல்லாத எக்ஸ்டென்ஷன் போனோ, அறைக்கு அறை இழுத்த இணைப்போதான். தேறாவிட்டால் ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்ற அந்தச் சில நொடிகளில் கரகரவென்று கேட்டால், பெரும்பாலும் வெளியே ஏதோ ஒரு ஜாயிண்டில் களிம்பேறியிருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. களிம்பேறிய ஜாயிண்டில் மின்னோட்டம் போகும்போது தொடர்பு சற்றுத் தெளியும். அதனால் போனில் பேசும்போது இணையம் நன்றாக ஓடும், பெல் அடித்தால் அறுந்துவிடும். லைன்மேனிடம் இப்படிச் சொன்னால் தெருவில் கம்பிகள் பிரியும் டிபி பெட்டியையும் ஜாயிண்டையும் பார்ப்பார். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் மோடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

புது மோடத்தை அறவே ஒதுக்கவில்லை. இடி இறங்கி போர்ட் கெடுவதும் அடாப்டர் தளர்வதும் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி, எண்கள் மாறினால் மட்டுமே காசு கொடுக்க வேண்டும்.

ஜாயிண்டைச் சரிசெய்த பின்பும் லைன் அறுந்தால், வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே நான் பரிந்துரைக்கும் வழி. 8-இல் இணைந்து மணிக்கொரு முறை அறுவதைவிட, 6-இல் நாள் முழுதும் நிற்கும் லைன் ஆன்லைன் வகுப்புக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் மேல். வேகம் குறைந்தால் மார்ஜின் ஏறும், அறுவது குறையும். இது நிறுவனத்தைத் தப்பவிடுவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் ஜாயிண்ட் வேலை முதலில் முடிய வேண்டும், தூரத்துக்கேற்ற அளவில் அட்டெனுவேஷன் இருக்க வேண்டும் என்கிறேன். அது 60-ஐத் தாண்டிய வீட்டில் மோடத்துக்கோ ஸ்பிளிட்டருக்கோ இனி ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். தெருக் கம்பத்தில் ஃபைபர் வந்திருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.