பேவர் பிளாக்குக்கு அன்னபேதிச் சாயம்: ஸ்பிரேயர் நல்லது, நாசில்தான் தொல்லை

சிங்காரப்பேட்டைப் பக்கம் வாசலிலிருந்து கேட் வரைக்கும் பேவர் பிளாக் பதிக்காத வீடு இப்போது குறைவு. பதித்த புதிதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று இருக்கும். சில வருடம் போனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு பதித்துவிடலாம் என்பார் மேஸ்திரி. கல் உடையாமல், ஆடாமல் இருக்கிறதென்றால் அந்தச் செலவு தேவையே இல்லை. ஐந்து லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்றும், உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதியும் போதும். மழைக்கு முன்னால் தொடங்கி எங்கள் வாசலிலும் அக்கம்பக்கத்து நடைபாதைகளிலும் இதை அடித்துப் பழகிவிட்டேன். சாயத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புகாரெல்லாம் ஸ்பிரேயரின் நாசில் மேல்தான்.

முதலில் ஒன்று. கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் பழைய சிவப்பு தெரிந்தால் கலர் போகவில்லை. உப்புதான் மேலே பூத்திருக்கிறது. சிமென்டிலிருந்து வெளியே வரும் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. நம் ஊர் போர் தண்ணீரில் தினமும் வாசல் கழுவினால் அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். அதற்குக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்தது. நனைத்த பிறகும் சாம்பலாகவே இருந்தால் மேலே இருந்த கலர் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சாயம் அங்கேதான் தேவை.

பெயின்ட் வேண்டவே வேண்டாம். தரைக்கென்று விற்கிற பெயின்டை பேவர் பிளாக்கில் அடித்து, ஒரே மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உரிந்து கிடப்பதை எத்தனையோ வாசல்களில் பார்த்துவிட்டேன். பேவர் பிளாக் மணல் படுக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மண்ணின் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். மேலே பெயின்ட் படலமாக மூடினால் அந்த ஈரம் அதைத் தள்ளி உரிக்கிறது. வெயிலில் ஓடிவந்த பைக்கை அதன் மேல் நிறுத்தினால் டயரோடு ஒட்டிக்கொண்டும் வரும். பாதி உரிந்த பெயின்ட் பழைய சாம்பலைவிட அசிங்கம். அதன் பிறகு சாயம் பிடிக்க வைப்பதும் பெரும்பாடு.

அன்னபேதி படலமாகப் படிவதில்லை. கல்லுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து இரும்புத் துருவாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. உரிவதற்கு மேலே எதுவும் இல்லை. நிலக்கடலையும் கரும்பும் இரும்புச்சத்து இல்லாமல் வெளுத்தால் விவசாயிகள் தெளிக்கிற அதே பெரஸ் சல்பேட்தான் இது. பயிருக்கு லிட்டருக்கு 5 முதல் 10 கிராம். கல்லுக்கு நான் 100 கிராம் போடுகிறேன். அடிக்கும்போது வெளிர்பச்சைத் தண்ணீராக இருக்கும், கல்லில் ஒன்றுமே தெரியாது. சில மணி நேரத்தில் மஞ்சள் தட்டும். மறுநாள் காலையில் செம்மண்ணும் காவியும் கலந்த ஒரு பழுப்பு. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். போர்டிகோ நிழலில் இருந்த கல் ஒரு நிறம், வெயிலில் கிடந்தது வேறு நிறம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பாறையில் வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறது. செம்மண் புழுதி பறக்கிற ஊரில் இந்த நிறத்தின் மேல் புழுதி தெரிவதும் இல்லை.

இனி ஸ்பிரேயர். தோளில் மாட்டிக்கொண்டு, மேலே உள்ள கைப்பிடியால் காற்றடிக்கிற சாதாரண ரகம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மாமரத்துக்கு மருந்தடிக்கிற 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் இந்த மாவட்டத்தில் தோப்புக்குத் தோப்பு இருக்கிறது. அதை இதற்கு எடுக்காதீர்கள். அதன் நாசில் பனி போலத் தூவும்; காற்றில் பறந்து போய்ச் சுவரில் உட்கார்ந்து துருப் பிடித்துவிடும். விசிறியாகத் தட்டையாக அடிக்கிற நாசில் வேண்டும். சின்ன ஸ்பிரேயரில் அதை மாட்டினால் ஒரு பட்டைக் கல்லை ஒரே வீச்சில், சீராக நனைக்க முடிகிறது. பிரஷ்ஷாலோ ரோலராலோ இது வராது.

ஆனால் கையை விட்டதும் சொட்டுகிறது. தண்ணீரோ பூச்சிமருந்தோ என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்னபேதியில் ஒவ்வொரு சொட்டும் கல்லில் நிரந்தரமாகப் பதியும் வட்டம். அதுவும் அப்போது தெரியாது. மறுநாள் நிறம் ஏறும்போதுதான் சுற்றியுள்ளதைவிடக் கருத்து, நீங்கள் நின்று நின்று நடந்த பாதை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேய்த்தாலும் போகாது.

காரணம் எளிது. திறந்து மூடுகிற வால்வு கைப்பிடியில் இருக்கிறது. நாசில் குழாயின் மறுமுனையில். நடுவில் உள்ள குழாயில் கரைசலும் கொஞ்சம் காற்றும் அழுத்தத்தோடு மாட்டிக்கொள்கின்றன. கையை விட்டதும் அந்தக் காற்று விரிந்து கரைசலை வெளியே தள்ளுகிறது. நாசில் முனையிலேயே ஒரு சின்ன ரப்பர் வால்வு வைத்தால் நின்றுவிடும். விலை கூடிய ஸ்பிரேயர்களில் இருக்கிறது. இந்த விலைக்கு விற்கிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். டேங்குக்கு இரண்டு கலர், பெல்ட்டுக்குப் பளபளப்பு என்று செலவு செய்கிறவர்கள் அந்த ரப்பர் துண்டை மிச்சம் பிடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வாங்கியவர்கள் செய்ய வேண்டியது இது. வீச்சை எப்போதும் கல்லுக்கு வெளியே, மண்ணில் தொடங்கி மண்ணிலேயே முடியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் இடது கையில் ஒரு கொட்டாங்குச்சியை நாசிலுக்கு அடியில் பிடியுங்கள். கீழே வைப்பதற்கு முன் டேங்க் காற்றைத் திறந்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கருமித்தனம் கூடாது. போர் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரமே கலங்கிப் பழுப்பாகி வண்டல் இறங்கும். அந்த வண்டல் நாசிலை அடைக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் உத்தமம், இல்லையென்றால் கேன் தண்ணீர். அன்றைக்கு அடிக்கிற அளவுக்கு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், வெள்ளை வேட்டியோடு கிட்டே போகாதீர்கள். வாசலை ஒட்டி வெள்ளை டைல்ஸ் இருந்தால் பாலித்தீன் போட்டு மூடாமல் தொடங்கவே கூடாது.

வேலை முடிந்ததும் டேங்கையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உள்ளே நின்றால் ஸ்பிரிங்கும் பித்தளையும் அரித்துப்போகும். மிஞ்சிய கரைசல் இன்னும் பச்சையாகவே இருந்தால் கொட்ட வேண்டாம். ஒரு பங்குக்கு மொத்தம் இருபது பங்கு வருகிற மாதிரி தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 5 கிராம் என்று ஆகிவிடும். வெளுத்து நிற்கிற கடலைக்கு அன்று மாலையே தெளித்துவிடலாம்.