ரூத் கிராஃபோர்டு: இசையமைப்பதை விட்டுவிட்டவரா?

ரூத் கிராஃபோர்டு சீகர் (1901–1953) பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். அமெரிக்க நவீனத்துவ இசையில் முன்வரிசையில் நின்ற பெண். 1930-ல் இசையமைப்புக்காக குகன்ஹைம் நிதியுதவி பெற்ற முதல் பெண். 1931-ல் அவருடைய ஸ்ட்ரிங் குவார்டெட். அடுத்த வருஷம் சார்லஸ் சீகருடன் கல்யாணம். அப்புறம் குழந்தைகள், நாட்டுப்பாடல் என்று போய் இசையமைப்பதை விட்டுவிட்டார். இந்தக் கடைசி வரிதான் எனக்கு இடிக்கிறது.

முதலில் குவார்டெட். நாலாவது பகுதியில் முதல் வயலின் ஒரு ஸ்வரம் வாசித்து நிற்கும். அடுத்து இரண்டு, அப்புறம் மூன்று என்று இருபது வரைக்கும் வளரும். எதிரில் மற்ற மூன்று வாத்தியங்களும் சேர்ந்து இருபதில் ஆரம்பித்து ஒன்றுக்குக் குறையும். நடுவில் வந்ததும் மொத்தமும் அரை ஸ்வரம் மேலே ஏறி, பின்னாலிருந்து முன்னால் ஓடும். நமக்கு இது புதுசா என்ன? வளர்வது ஸ்ரோதோவஹ யதி, குறைவது கோபுச்ச யதி. காஞ்சியில் சில வருஷம் தங்கிய தீட்சிதர் 'த்யாகராஜ யோக வைபவம்' கிருதியில் சாகித்யத்திலேயே இரண்டையும் செய்திருக்கிறார். அவர் ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததை இவர் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறார்.

மூன்றாவது பகுதி இன்னும் நுட்பம். நாலு வாத்தியமும் ஸ்வரங்களை நீட்டிப் பிடித்தபடி இருக்கும். ஒன்று உரக்க எழும்போது இன்னொன்று அடங்கும். எழும் உச்சங்களை நம் காது கோத்துக்கொண்டால்தான் மெட்டு. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த காது அது.

1930-களின் நடுவில் குடும்பம் வாஷிங்டனுக்கு வந்தது. ஜான், ஆலன் லோமாக்ஸ் இருவரின் 'அவர் சிங்கிங் கன்ட்ரி' (1941) நூலுக்காக, களத்தில் பதிவான பாடல்களை ரூத் ஸ்வரப்படுத்தினார். இங்கே பழைய சேலையின் புட்டாவை கிராஃப் தாளில் எடுப்பவர்களுக்கு இந்த வேலை புரியும். ஒரு கட்டம் தவறினால் அன்னத்தின் கழுத்து கோணிப்போகும். பாடுகிறவர் ஒரு அட்சரம் கூட்டிப் பாடினால் ரூத் அதைத் திருத்தமாட்டார், அப்படியே எழுதுவார். பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி கடைசி அடியில் வேகத்தைக் குறைக்காதீர்கள், வலிந்து பாவம் காட்டாதீர்கள் என்பது பாட வருகிறவர்களுக்கு அவர் சொன்னது. நூலுக்காக எழுதிய விளக்கவுரை ரொம்ப நீண்டுபோய் அதில் இடம்பெறவில்லை. தனிப் புத்தகமாக வந்தது 2001-ல்.

அந்த வேலையின் மதிப்புக்கு ஒரே சாட்சி போதும். 1937-ல் கென்டக்கியில் வில்லியம் ஸ்டெப் வாசித்த ஃபிடில் பதிவு ஒன்றை ரூத் எழுதிவைத்தார். 1942-ல் ஏரன் கோப்லாண்ட் தன் 'ரோடியோ' பாலேயின் 'ஹோ-டவுன்' பகுதிக்கு அந்த ஸ்வரப்படுத்தலையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த இசை, ஸ்டெப்பின் வில்லும் ரூத்தின் காதும் சேர்ந்து கொடுத்தது. பெயர் மட்டும் கோப்லாண்டுக்கு.

இழப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. குவார்டெட்டுக்குப் பிறகு அந்தத் தரத்தில் பெரிய படைப்பு என்று பார்த்தால் 1952-ல் வந்த காற்று வாத்திய ஐவர் சூட்தான். அடுத்த வருஷமே புற்றுநோயில் போய்விட்டார். வயது 52. இன்னும் நாலு குவார்டெட் கிடைத்திருக்கலாம், அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இடைவெளியை வெற்றிடம் என்று எழுதும்போது, கேட்டு எழுதுவது படைப்பு வேலையே இல்லை என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பை நம்மூரிலும் பார்க்கிறேன். நம் நாட்டுப்பாடல் தொகுப்புகளில் பெரும்பாலானவை வார்த்தையை அச்சிட்டு மெட்டை விட்டுவிடுகின்றன. தாலாட்டின் பாடம் கிடைக்கிறது, பாட்டி எந்த இடத்தில் இழுத்தாள் என்பது கிடைப்பதில்லை. பதிவு செய்த ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவள் இழுத்ததை இழுத்தபடியே எழுத ஒருவர் உட்கார வேண்டும். அப்படி உட்காருகிறவரை உதவியாளர் என்று ஓரங்கட்டாமல் இசைக்காரர் என்றே கூப்பிட வேண்டும்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை: குவார்டெட்டின் மூன்றாவது பகுதி, ஸ்டெப்பின் ஃபிடில், அப்புறம் ஹோ-டவுன். மூன்றும் சேர்ந்து இருபது நிமிஷம்கூட ஆகாது. ஹெட்போனில் கேளுங்கள்.